டீச்சரம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை

ராக்காயிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருப்பதாக அவளுடைய மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லை உடைத்தால் குவியலில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க மாட்டாள். பிளந்த பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். ஒரு கல் ஏன் இரண்டாகவும் இன்னொன்று ஏன் ஏழாகவும் உடைகிறது, உள்ளே மினுக்குவது என்ன என்று யோசிப்பாள். "கல்லுக்குள்ள ஒங்கப்பனா ஒக்காந்திருக்கான்? போடுடி!" என்று மாமியார் கத்துவாள். ராக்காயி போடுவாள். அடுத்த கல்லையும் திருப்பிப் பார்ப்பாள்.

எழுதப் படிக்கத் தெரியாதவள். வெள்ளப்பாறைப்பட்டியில் கீழத்தெரு. ஊர்க் கிணற்றில் வாளி போட உரிமையில்லாத தெரு அது. வெள்ளைக்காரன் போனான், புதுக்கோட்டை மகாராஜாவின் ஆட்சியும் போனது, சமஸ்தானமே திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் மட்டும் அதே உயரத்தில் நின்றது. ஊரில் இரண்டு தெருவுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, பள்ளிக்கூடம். அதுவும் சட்டம் சொன்னதால்தான் பொது.

அன்னவாசலிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி ஒன்றரை மைல் நடந்தால் ஊர். அந்த ஒன்றரை மைலுக்கும் ரோடு போடுவதென்று 1959 தை மாதத்தில் முடிவாயிற்று. வழியெல்லாம் கருங்கல்லைக் கொண்டுவந்து குவித்தார்கள். ராக்காயிக்குக் கிடைத்த குவியல் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. ஓலைத்தட்டியைச் சாய்த்து நிழல் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை சுத்தியலோடு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். கை கல்லை உடைக்கும், கண் பள்ளிக்கூடத்தை மேயும்.

நாட்டு ஓடு வேய்ந்த இரண்டு அறை. ஐந்து வகுப்பு, எண்பத்தேழு பிள்ளைகள். அத்தனைக்கும் ஒரே ஆள், அருள்ராணி டீச்சர். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். டிரெய்னிங் முடித்து வேலைக்கு வந்து நாலு வருஷம். தாயோடு அன்னவாசலில் வாடகை வீட்டில் இருந்தாள். கறுப்புக் குடை, தோல்செருப்பு, கையில் கடிகாரம். ஒன்பது மணி பஸ்ஸில் வந்தால் திரும்பிப் போக ஐந்து மணி பஸ்தான்.

மாசி பிறந்து வெயில் ஏறியபோதுதான் ராக்காயி அதைக் கவனித்தாள். டீச்சரம்மா தண்ணீர் குடிப்பதில்லை.

முதல் நாள் தற்செயல் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் வேண்டுமென்றே பார்த்தாள். ஒன்றாம் வகுப்புக்கு மணலில் எழுதப் பழக்குகிறாள், ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போடுகிறாள், நடுவில் மூன்றாம் வகுப்பின் சண்டையைத் தீர்க்கிறாள். குரல் காய்ந்து கிழிகிறது. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, மூடியில் ஊற்றிய தண்ணீரில் உதட்டை மட்டும் நனைக்கிறாள். மிச்சத்தைக் கை கழுவக் கொட்டிவிடுகிறாள். ராக்காயி அதற்குள் ஒரு கலயத்தைக் காலி செய்து இரண்டாவது கலயத்தில் பாதியில் இருப்பாள்.

அவளுடைய மகள் செங்கமலம் நாலாம் வகுப்பு. "டீச்சருக்குத் தண்ணி மோந்து குடுத்தியாடி?" என்று கேட்டாள்.

"குடுத்தேன் ஆத்தா. வேணாம்மான்னு சொல்லிட்டாக. தெனமும் அதான் சொல்றாக."

அன்று சாயங்காலம் புருஷனிடம் பேச்செடுத்தாள். மதுரைவீரனுக்கு மலையில் கல் பிளக்கும் வேலை. பேசுவது குறைவு.

"இந்தாய்யா, டீச்சரம்மா பகல் பூரா தண்ணியே குடிக்கிறதில்ல. ஏன்?"

"ஒனக்கு வேற வேலை இல்ல? நம்ம புள்ள மோந்து குடுக்குற தண்ணிய எந்த வாத்தியாரு குடிச்சாரு? ரெங்கசாமி வாத்தியாரு தனியா மண்பானையை மரத்துல தொங்கவிட்டாரே, மறந்துபோச்சா?"

"அந்தாளு நம்ம புள்ளைகளை அடிக்கணும்னாக்கூடப் பிரம்பைத் தூக்கி எறிவாரு. தொட்டு அடிச்சா தீட்டுன்னு. இந்தம்மா செங்கமலத்துக்குப் பேன் பாத்து விடுது. பேனை எடுக்குற கை தண்ணியத் தொடாதா?"

மதுரைவீரன் பீடியைப் பற்றவைத்தான். "அப்ப வேற என்னங்குற?"

"அதான் தெரியல."

ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் குடிக்கவில்லையென்றால் இந்த நாட்டில் அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. எத்தனையோ தலைமுறையாகத் தயாராக இருப்பதால் அது சரிதானா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சாதியால் அடிபட்டவர்களும் பார்ப்பதில்லை. அடி வாங்கி வாங்கி, கை ஓங்கினாலே அடி என்று நம்பப் பழகிவிடுகிறார்கள். சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்ததில்தான் ராக்காயி மற்றவர்களிடமிருந்து பிரிந்து நின்றாள்.

மேலத்தெரு அழகம்மாள், ஊர்த் தலைவரான அம்பலம் அழகுமலையின் மருமகள். அவளுடைய மகள் மூன்றாம் வகுப்பு. மத்தியானம் மகளுக்குச் சோறு கொண்டுவருகிறவள், வெயிலுக்கு ஒதுங்கி ராக்காயியின் தட்டிக்கு நாலடி தள்ளி நிற்பாள். அந்த நாலடி இருவருக்கும் தெரிந்த கணக்கு.

"ஆத்தா, ஒண்ணு கேக்கவா?"

"வேணாம்னா விட்டிருவியாக்கும்."

"நாளைக்கு ஒங்க வீட்டுச் சொம்புல டீச்சரம்மாவுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்துப் பாக்குறீகளா?"

"எதுக்குடி?"

"குடிக்கிறாகளான்னு பாக்கத்தான்."

அழகம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் லேசாகச் சிரித்தாள். எங்கள் தண்ணீரைக் குடிப்பாள், உங்கள் தண்ணீரைக் குடிக்க மாட்டாள், அவ்வளவுதானே என்ற சிரிப்பு. மறுநாள் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு நிறைய வெட்டிவேர் போட்ட தண்ணீரோடு வந்தாள். டீச்சர் இரண்டு கையாலும் வாங்கினாள். "ரொம்ப நன்றிங்க" என்றாள். மேசைமேல் வைத்தாள். அரைமணி நேரம் கழித்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு வாய் ஊற்றினாள். மேலத்தெரு, கீழத்தெரு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சொம்பு.

அழகம்மாள் முகம் கறுத்துப்போய்த் தட்டிக்கு வந்தாள். "வேதக்காரவுகளுக்கு எங்க தண்ணியுமா ஆகாது? எங்க சொம்புக்கு என்ன கொறச்சல்?"

ராக்காயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கோவிச்சுக்காதீக ஆத்தா. ஒங்க தண்ணியும் ஆகல, எங்க தண்ணியும் ஆகல. அப்பச் சங்கதி தண்ணியில இல்ல."

"பின்னே எதுல இருக்கு?"

"நுங்கு குடுத்துப் பாப்போம். அதுல யாரு கையும் படாது. மரத்துலருந்து வர்ற தண்ணி."

நுங்கு வெட்டி ஓலையில் மடித்துச் செங்கமலம் கொண்டுபோய்க் கொடுத்தாள். டீச்சரின் கண் அதன்மேல் விழுந்த விதத்தை ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே ராக்காயி பார்த்தாள். தாகத்தில் தவிக்கிறவளின் கண். ஆனால் டீச்சர் நுங்கைக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொண்டாள். "வீட்டுல போய்ச் சாப்பிடுறேம்மா."

அதற்குள் அழகம்மாளுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. சோறு கொடுத்துவிட்டுப் போகிறவள், இப்போது தட்டிக்கு ஒன்றரை அடி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஏதாச்சும் விரதமா இருக்குமோ? அவுக வேதத்துல தவசு காலம்னு ஒண்ணு இருக்காமே?"

"தவசு காலம்னா வருசத்துல ஒரு மாசம், ஒண்ணரை மாசம். செங்கமலத்தக் கேட்டேன். போன வருசம் பூராவும் குடிக்கலையாம், அதுக்கு மொத வருசமும் குடிக்கலையாம். விரதமா இருந்தா வீட்டுலயும் சாப்புட மாட்டாகளே? அவுக குடிக்க மாட்டேங்கல ஆத்தா. இங்க குடிக்க மாட்டேங்குறாக. இந்த எடத்துல என்னமோ இருக்கு."

பங்குனி முதல் வாரம் டீச்சர் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். பிள்ளைகள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் புளியங்காய் பொறுக்கப் போனார்கள். காய்ச்சல் என்றார் கண்டக்டர். கருப்பர் கோயில் பக்கமாகச் செருப்புப் போட்டு நடந்தாள், கருப்பர் அடித்துவிட்டார் என்று மேலத்தெருவில் பேசிக்கொண்டார்கள். மாறுதல் கேட்டு எழுதியாயிற்றாம், போய்விடப் போகிறாளாம் என்று டீக்கடையில் பேச்சு.

அம்பலம் அழகுமலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "போகட்டும். பொம்பளைக்கு இது சரிப்படாது. நல்ல ஆம்பள வாத்தியாரா கேட்டு வாங்குவோம்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்பது ஊரிலுள்ள ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். ஆண் வாத்தியார் காலத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய பெண் பிள்ளை வெள்ளப்பாறைப்பட்டியில் ஒன்றுகூடக் கிடையாது. அருள்ராணி வந்த பிறகுதான் நாலிலும் ஐந்திலுமாகப் பதினான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் போனால் அந்தப் பதினான்கும் மறுநாளே ஆடு மேய்க்கப் போகும். செங்கமலம் வந்து அம்மா பக்கத்தில் சுத்தியலோடு உட்காருவாள்.

ஞாயிற்றுக்கிழமை ராக்காயி அன்னவாசலுக்கு நடந்தாள்.

டீச்சர் பாயில் சுருண்டு கிடந்தாள். தாயார் அருளம்மாள் வாசலில் நின்றவளை அடுப்படியிலிருந்தே உள்ளே கூப்பிட்டாள். ராக்காயி நிலைப்படியைத் தாண்டலாமா என்று தயங்கினாள்.

"உள்ள வாங்க அக்கா" என்றாள் டீச்சர், தலையைத் தூக்கி. ராக்காயிக்குத் தெரிந்து அவளை 'ங்க' போட்டுப் பேசிய முதல் ஆள். "அம்மா அடுப்புல இருக்காங்க. அந்தப் பானையிலேருந்து ஒரு செம்பு தண்ணி மோந்து குடுங்க."

ராக்காயி மோந்து கொடுத்தாள். டீச்சர் வாய் எடுக்காமல் குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள். அதையும் குடித்தாள். ராக்காயி காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்க ஊருல மட்டும் ஏன் குடிக்க மாட்டேங்குறீக?"

அடுப்படியிலிருந்து அருளம்மாள் பதில் சொன்னாள். "வெக்கத்தைப் பாத்தா உசுரு போயிரும், சொல்லேன். டாக்டர் என்ன சொன்னாரு? நீர்த்தாரையில புண்ணு. தண்ணியக் குடி, அடக்கி வைக்காத, இல்லேன்னா வேலைய விட்டுருன்னு சொன்னாரு. நானும் ஆவூர்க் கோயிலுக்கு மெழுகுத்திரி நேந்துக்கிட்டேன். கோயிலா கக்கூஸ் கட்டித் தரும்?"

டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "காலையில எட்டரைக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டா, சாயங்காலம் அஞ்சரை, ஆறு ஆயிடும் அக்கா. அங்க எனக்கு ஒதுங்க ஒரு இடம் இல்ல. குடிச்சா வரும். அதனால குடிக்கிறதில்ல."

ராக்காயி தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஊர்ப் பெண்கள் இருட்டோடு கண்மாய்க்கரைக்குப் போய்விட்டு வருவார்கள். மறுபடி இருட்டின பிறகு. கல்லுடைக்கும் பெண்கள் பழைய குவாரிக் குழிக்குள் இரண்டு பேராகப் போய், ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க ஒருத்தி ஒதுங்குவாள். ஊரைச் சுற்றி மொட்டைப் பாறை. மறைவுக்கு ஒரு புதர் கிடையாது. பகலில் மட்டும் ஊரில் இருக்கிற ஒரே பெண் டீச்சர். அவளுக்கு இருட்டும் இல்லை, துணைக்குச் சேலை பிடிக்க ஆளும் இல்லை.

"குவாரிக் குழிக்கு வரலாமே?"

"வேலைக்கு வந்த புதுசுல ஒரு நாள் வந்தேன். அஞ்சாம் வகுப்புப் பையங்க ரெண்டு பேரு பின்னாலயே வந்துட்டாங்க. மறுநாள் டீக்கடையில, டீச்சர் பாறைப் பக்கம் போறாளாமேன்னு சிரிச்சாங்க. என் காதுல விழுற மாதிரி. அதோட சரி."

"எனக்குத் தோணவே இல்லையே!" என்றாள் ராக்காயி. "ரெண்டு மாசமா ஒங்களையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். சாதியா இருக்குமோ, விரதமா இருக்குமோன்னு எல்லாம் யோசிச்சேன். கொடையும் கடியாரமும் பாத்து, ஒங்களுக்கும் எங்கள மாதிரி ஒடம்பு இருக்கும்னு மட்டும் தோணலையே!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அடிவயிறு வலித்துக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"மேல எழுதினீகளா?"

"மூணு தடவை எழுதினேன். 'போதிய வசதிகள் இல்லை'ன்னு."

"இன்ன வசதின்னு எழுதினீகளா?"

"எப்படி அக்கா எழுதுறது? ஆம்பளைங்க படிப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டு கரும்பலகை அனுப்பிவச்சாங்க."

பாய்க்குப் பக்கத்தில் ஒரு காகிதம் மடித்திருந்தது. மாறுதல் விண்ணப்பம். இந்த மாதக் கடைசியில் ஊரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. ஊர்க்காரர்கள் பள்ளிக்கு வேண்டிய பொருள்களைக் கொடையாகத் தருவார்கள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். விழா முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடுவதாக டீச்சர் சொன்னாள். ராக்காயி அந்தக் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் தெரியவில்லை. வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

அழகம்மாளிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அட பாவமே. எனக்கும் தோணலையேடி. நான் கொண்டுபோய்க் குடுத்த தண்ணிக்கு வெட்டிவேரு வேற!"

அன்றே மதுரைவீரன் கக்கூஸ் குழிக்கு இடம் பார்க்கக் கடப்பாரையோடு பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போனான். இங்கிட்டும் அங்கிட்டும் தரையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். கட்டிடத்தை ஒட்டிப் பாறை 'ணங்' என்றது. இருபதடி தள்ளி ஓர் இடத்தில் சத்தம் 'பொத்' என்று இறங்கியது. அங்கே சரளை, தண்ணீரை உறிஞ்சும். கிணறு மேட்டுப் பக்கம், இது பள்ளத்துப் பக்கம். காலால் ஒரு கோடு கிழித்தான்.

கோடு காய்வதற்குள் அம்பலம் ஆள் அனுப்பினார். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கருப்பர் கோயிலைப் பார்த்தபடி இருக்கிறது. சாமி பார்வையில் கக்கூஸ் கட்டினால் ஊர் அழியும். கடப்பாரை வைக்கிறவன் கை விளங்காது. மதுரைவீரன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். சாமிக்குப் பயந்தல்ல. மலையில் கல் எடுக்கும் ஏலம் அம்பலத்தின் பேரில் இருந்தது.

மாநாட்டு நாளில் பள்ளி வாசலில் கீற்றுப்பந்தல் போட்டு, வாழைமரம் கட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நடு நாற்காலியில். பக்கத்தில் அம்பலம். ஒரு குமாஸ்தா நோட்டோடு உட்கார்ந்து கொடையாளர் பெயரை எழுதினார். டீச்சர் முகம் வெளுத்து, தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் இருந்தாள். அம்பலம் சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார். கைதட்டல். கடைக்காரர் தலைவர்கள் படம் நாலு. கைதட்டல். வெண்கல மணி, நாற்காலி, உலக உருண்டை. ஒவ்வொன்றுக்கும் மாலை. பார்வைக்கு அழகான எதையும் கொடுக்க ஆள் இருந்தது.

"வேற யாராவது கொடுக்கிறீர்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பந்தலுக்கு வெளியே கீழத்தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ராக்காயி எழுந்தாள். "நான் ஒண்ணு குடுக்குறேனுங்க ஐயா."

"சொல்லும்மா. என்ன பொருள்?"

"ஒரு குழி."

குமாஸ்தா பேனாவை நிறுத்தினார். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது.

"டீச்சரம்மாவுக்கும் பொம்பளப் புள்ளைகளுக்கும் ஒதுங்குறதுக்குக் குழி. எம் புருசன் வெட்டுவாரு. சுவத்துக்குக் கல்லு நான் ஒடச்சுத் தாறேன். எழுதிக்கங்க."

பந்தல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அம்பலம் எழுந்தார். "ஏய் ராக்காயி! பெரிய மனுசங்க வந்திருக்கிற எடத்துல பேசுற பேச்சா இது? ஒக்காரு!"

"பேசக்கூடாத பேச்சுன்னு எல்லாரும் இருந்ததாலதான் ஐயா அந்தம்மா நாலு வருசமாத் தண்ணியே குடிக்காம ஒடம்பக் கெடுத்துக்கிட்டாக. ஒங்க பேத்திக்குந்தான் எழுத்துச் சொல்லிக் குடுத்தாக, வறண்ட தொண்டையோட."

"கருப்பர் பார்வையில கக்கூஸா? சாமி பொறுக்குமா?"

"திருவிழா அன்னைக்கு ஆம்பளைக அம்புட்டுப் பேரும் கோயில் மதிலோரமாத்தானே ஐயா நிக்கிறீக? அதப் பொறுத்த சாமி நாலு சுவத்துக்குள்ள இருக்குறத பொறுக்காதா?"

இப்போது சிரித்தவர்கள் பெண்கள். இரண்டு தெருப் பெண்களும்.

அம்பலம் கடைசி அம்பை எடுத்தார். நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "சரி, கட்டு. நெறஞ்சா யாரு அள்ளுறது? ஒங்க தெருதான் அள்ளணும். சம்மதமா?"

கீழத்தெருப் பெண்கள் தலையைக் குனிந்தார்கள். காலகாலமாக அந்தக் கேள்விதான் அவர்களை உட்கார வைத்திருக்கிறது.

"யாரும் அள்ள வேணாம்யா" என்றாள் ராக்காயி. "அதையும் யோசிச்சாச்சு. ரெண்டாள் ஆழம், சரளைக்குள்ள. போனவுக ஒரு கை சாம்பல் தூவிட்டு வரணும், அது யாரா இருந்தாலும். நெறஞ்சா மண்ணப் போட்டு மூடிட்டு பக்கத்துல வேற குழி. அள்ளுறதுக்கு ஒரு சாதி வேணும்னா அது கக்கூஸ் இல்ல ஐயா, அது வேற ஏற்பாடு."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். கையிலிருந்த அச்சடித்த பட்டியலைப் புரட்டினார். கடிகாரத்துக்குக் கட்டம் இருந்தது, மணிக்குக் கட்டம் இருந்தது. இதற்கு இல்லை. டீச்சர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது தேவைதானா?"

அருள்ராணி எழுந்தாள். 'போதிய வசதிகள்' என்று எழுதியவள் இந்தத் தடவை அப்படிச் சொல்லவில்லை.

"தேவை சார். கக்கூஸ் தேவை. நாலு வருஷமா தேவை."

மேலத்தெருப் பெண்கள் வரிசையில் அழகம்மாள் எழுந்து நின்றாள். மாமனார் முகத்தைப் பார்க்காமல், "சுவத்துக்குச் சுண்ணாம்பு நான் தாறேன்" என்றாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். குமாஸ்தா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். உலக உருண்டைக்குக் கீழே, 'ராக்காயி: குழி ஒன்று' என்று எழுதப்பட்டது. மாலை மிச்சமில்லை. அதனால் போடவில்லை.

கூட்டம் கலைந்ததும் ராக்காயி டீச்சரிடம் போனாள். "அந்தக் காகிதம்?"

"பையில இருக்கு. உங்க பேச்சை நம்புறேன் அக்கா, ஊரை நம்பல. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு வரேன். கதவோட இருந்தா கிழிச்சுப் போடுறேன். இல்லேன்னா அன்னைக்கே தபால்ல சேர்த்துடுவேன். எனக்கும் உயிர் மேல ஆசை இருக்கு."

கோடை விடுமுறையில் குழி இறங்கியது. மதுரைவீரனை மலை வேலையிலிருந்து நிறுத்தினார் அம்பலம். நிறுத்தியதால் பகல் முழுக்கக் குழி வெட்ட நேரம் கிடைத்தது. குறுக்கே இரண்டு பலகைக்கல் போட்டான். ராக்காயி கல் உடைத்தாள், மேலத்தெருப் பெண்கள் மூன்று பேர் மண் குழைத்தார்கள். தண்ணீர் ஊர்க் கிணற்றிலிருந்து வந்தது. எந்தத் தெருக் கை இறைத்தது என்று அந்த அவசரத்தில் இரண்டொரு நாள் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தார்கள், சண்டை வந்தது, அப்புறம் மேலத்தெருக்காரிகளே இறைத்து ஊற்றினார்கள். ஒரு குழியால் எல்லாம் மாறிவிடாது. சுவர் மட்டும் ஆளுயரம் எழும்பியது.

கதவுதான் வரவில்லை. ஊர் ஆசாரி, மரம் இல்லை என்றார். அப்புறம் உளி மழுங்கிவிட்டது என்றார். கடைசியில் உண்மையைச் சொன்னார். "அம்பலம் வேணாம்னுட்டாரு. எம் பொழப்பப் பாக்கணும் தாயி." பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. சாக்கைத் தொங்கவிடலாம் என்றாள் ஒருத்தி. "பயலுக வெலக்கிப் பாக்குறதுக்கா?" என்றாள் ராக்காயி.

பள்ளி திறக்கிற அன்று விடியற்காலையில் அவள் போய்ப் பார்த்தபோது சுவரில் கதவு இருந்தது. பலாமரக் கதவு. உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள். மண்ணை அப்பி நிலையை இறுக்கிக்கொண்டிருந்தாள் அழகம்மாள்.

"ஆத்தா! இது ஏது?"

"எங்க வைக்கோல் கொட்டாய்க் கதவு. மாமா நேத்து விராலிமலைக்குப் போனாரு. வைக்கோலுக்கு என்ன வெக்கம்?"

ஒன்பது மணி பஸ்ஸில் டீச்சர் வந்தாள். பின்பக்கம் போய்க் கதவைத் தள்ளினாள், தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தாள், மறுபடி போட்டு எடுத்தாள். அப்புறம் வகுப்புக்குப் போனாள்.

பதினொரு மணிக்கு அம்பலம் வந்தார். ஊர் திரும்பியவர் கொட்டாயைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார். துண்டு தோளில் துடித்தது. ரோட்டில் சுத்தியல் சத்தம் நின்றது. அம்பலம் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். கதவைப் பார்த்தார். தன் கதவுதான். "எந்த நாய் எங்கதவ..." என்று சொல்லிக்கொண்டே தள்ளுவதற்குக் கையை ஓங்கினார்.

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. தெளிவாக, வகுப்பில் பேசும் அதே குரல்.

"ஆள் இருக்கு."

அம்பலத்தின் கை அந்தரத்தில் நின்றது. கதவைப் பார்த்தார், கருப்பர் கோயிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அங்கே நிற்பதற்கு ஒரு மனுஷனுக்கு எந்த நியாயமும் இல்லை என்பது அவருக்கே புரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் வந்த வழியே நடந்தார்.

தட்டி நிழலில் ராக்காயிக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த அழகம்மாள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போனா என்ன சொல்வாரோ."

"என்ன சொல்லுவாரு? கதவக் கழட்டுன்னு சொல்லணும்னா உள்ள யாரும் இல்லாத நேரம் பாத்துல்ல சொல்லணும்?" ராக்காயி சுத்தியலை எடுத்தாள். எடுத்தவள் பள்ளிக்கூடத்தையே பார்த்தாள். டீச்சர் முகம் கழுவிக்கொண்டு ஐந்து வகுப்புக்கும் நடுவில் வந்து நின்றாள். "ஆத்தா, எண்பத்தேழு புள்ளைக்கு ஒரு டீச்சரம்மா போதும்னு எவன் சொன்னது?"

"எனக்கென்னடி தெரியும்?"

"யாருக்குத் தெரியும்னு கேப்போம்" என்றாள் ராக்காயி.